வெள்ளைக் குளிசை: 2004 நிமிட்ஸ் நிகழ்வு பற்றிய ஓர் ஆய்வு

எங்கள் வீட்டுப் பின்வளவில் பங்கர் இருந்த காலம் அது. மேலே பனங்குற்றிகள், அதன்மேல் மண்மூட்டைகள், உள்ளே ஒரு ஜாம் போத்தல் விளக்கு. 1990களின் தொடக்கம், யாழ்ப்பாணத்துப் போர்க்காலம். மாமா கிணற்றடியில் நின்றபடியே சத்தத்தை வைத்துச் சொல்லிவிடுவார். “உது கெலி. தூரத்தில போகுது, பயப்பிடாதை.” “உது சகடை. எல்லாரும் இறங்குங்கோ.” கெலி என்றால் ஹெலிகொப்டர், சகடை என்றால் குண்டுபோடும் விமானம். பிறகு எங்களுக்கும் அது பழகிவிட்டது. சியாமாசெட்டி, அவ்ரோ, புக்காரா என்று பள்ளிக்கூடப் பாடத்துக்கு முன்பே விமானங்களின் பெயர்களைப் படித்த பிள்ளைகள் நாங்கள்.

குண்டுவீச்சு ஓய்ந்ததும் ஒழுங்கையில் சனம் கூடும். அங்கேதான் நான் இன்றுவரை மறக்காத ஒன்றைக் கண்டேன். ஒருவர் விமானம் இரண்டு தரம் சுற்றியது என்பார். இன்னொருவர் நாலு தரம் என்பார். ஒருவருக்கு அது பனை உயரத்தில் வந்தது, இன்னொருவருக்குப் புள்ளி மாதிரித்தான் தெரிந்தது. வந்த திசையில்கூட ஒற்றுமை இருக்காது. ஒருவரும் பொய் சொல்லவில்லை. விமானம் வந்தது, குண்டு போட்டது, திரும்பிப் போனது என்பதில் அத்தனை பேரும் ஒன்று. எண்ணிக்கை, உயரம், நேரம் என்று வரும்போதுதான் ஆளுக்கொரு கதை.

அமெரிக்கப் போர்விமானிகள் வானத்தில் கண்ட, இன்றுவரை விளக்கம் கிடைக்காத பொருட்களைப் பற்றி வாசிக்கும்போதெல்லாம் அந்த ஒழுங்கைதான் எனக்கு நினைவுக்கு வரும். அந்த நிகழ்வுகளில் மிகவும் பேசப்பட்டதை, 2004 நவம்பர் 14 அன்று நடந்ததை, இங்கே எடுத்துக்கொள்கிறேன். என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விமானிகள் சொன்னது உண்மை என்று நான் நம்புகிறேன். அவர்கள் கண்டது வேற்றுக்கிரக வாகனம் என்று நம்ப எனக்கு எந்த ஆதாரமும் கிடைக்கவில்லை. இவை இரண்டும் தனித்தனிக் கேள்விகள். இவற்றைக் கலந்துவிடுவதால்தான் இந்த விடயம் கேலிக்கும் பக்திக்கும் நடுவில் அல்லாடுகிறது.

நடந்தது என்ன

அமெரிக்காவின் சான் டியேகோ நகருக்குத் தென்மேற்கே, பசிபிக் கடலில், யு.எஸ்.எஸ். நிமிட்ஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலும் அதன் துணைக் கப்பல்களும் பயிற்சியில் இருந்தன. துணைக் கப்பல்களில் ஒன்று யு.எஸ்.எஸ். பிரின்ஸ்டன். அதில் இருந்தது ஸ்பை-1 என்ற, மிகவும் வலுவான ரேடார். அந்தக் கப்பலில் ரேடாரைக் கவனித்த கெவின் டே என்பவர் பின்னாளில் சொன்னபடி, சில நாட்களாகவே விளங்காத புள்ளிகள் திரையில் வந்துகொண்டிருந்தன. ஏறக்குறைய 28,000 அடி உயரம், 100 நொட் வேகம். இவ்வளவு உயரத்தில் இவ்வளவு மெதுவாக ஒரு சாதாரண விமானம் பறக்காது. விழுந்துவிடும்.

அன்று இரண்டு எஃப்/ஏ-18எஃப் சூப்பர் ஹோர்னெட் விமானங்கள் வழமையான பயிற்சிக்காகக் கிளம்பின. முதல் விமானத்தை ஓட்டியவர் டேவிட் ஃப்ரேவர். ‘பிளாக் ஏசஸ்’ என்ற விமான அணியின் கட்டளை அதிகாரி. அவருக்குப் பின் இருக்கையில் இன்னொருவர். இரண்டாவது விமானத்தை ஓட்டியவர் அலெக்ஸ் டீட்ரிக் என்ற இளம் பெண் விமானி. அவருக்குப் பின்னாலும் ஒருவர். ஆக, நான்கு பேர், எட்டுக் கண்கள்.

பயிற்சியை நிறுத்தச் சொல்லி பிரின்ஸ்டனில் இருந்து கட்டளை வந்தது. என்ன ஆயுதம் வைத்திருக்கிறீர்கள் என்றும் கேட்டார்கள். இருந்தவை வெடிக்காத பயிற்சி ஏவுகணைகள் மட்டும். பிறகு ஒரு திசையைச் சொல்லி அங்கே போகச் சொன்னார்கள்.

போன இடத்தில் வானம் தெளிவாக இருந்தது, கடல் அமைதியாகக் கிடந்தது. அந்த அமைதியான கடலில் ஓர் இடத்தில் மட்டும், ஒரு போயிங் 737 அளவுக்கு, தண்ணீருக்குக் கீழே பாறை இருந்தால் நுரைக்குமே, அப்படி நுரைத்துக்கொண்டிருந்தது. அதற்கு மேலே வெள்ளையாக ஒரு பொருள். சிறகு இல்லை, வால் இல்லை, யன்னல் இல்லை, புகை இல்லை. ஏறக்குறைய 40 அடி நீளம். அமெரிக்கர்கள் அதற்கு ‘டிக் டாக்’ என்ற சின்ன வெள்ளை மிட்டாயின் பெயரை வைத்தார்கள். எங்கள் ஊரில் ஒருவர் கண்டிருந்தால் ‘வெள்ளைக் குளிசை மாதிரி’ என்றுதான் சொல்லியிருப்பார். அந்தக் குளிசை, சுவரில் மோதித் திரும்பும் பிங்பொங் பந்தைப் போல, நுரைக்கு மேலே அங்கும் இங்கும் வெட்டி வெட்டி அசைந்தது.

டீட்ரிக் மேலேயே நின்று பார்த்துக்கொண்டிருக்க, ஃப்ரேவர் வட்டமடித்தபடி கீழே இறங்கினார். அவர் இறங்க, அந்தப் பொருள் அவரைக் கண்டுகொண்டதுபோல வட்டத்தின் எதிர்ப்பக்கத்தில் மேலே ஏறத் தொடங்கியது. குறுக்கே வெட்டி அதை நெருங்கப் பார்த்தார். அது அவருக்கு முன்னால் வேகம் பிடித்து, கண் இமைக்கும் நேரத்தில் மறைந்துவிட்டது. திரும்பிக் கடலைப் பார்த்தால் நுரையும் இல்லை.

சிறிது நேரத்தில் பிரின்ஸ்டனில் இருந்து இன்னொரு தகவல். பயிற்சிக்காக அவர்கள் சந்திக்கவிருந்த இடத்தில், 60 மைல் தள்ளி, இப்போது ஒரு புள்ளி நிற்கிறது. அந்த இடம் எங்கே என்பது விமானிகளுக்கும் கப்பலுக்கும் மட்டும்தான் தெரியும்.

பின்னர் கிளம்பிய இன்னொரு அணியில் சாட் அண்டர்வுட் என்ற விமானி தன் விமானத்தின் அகச்சிவப்புக் கமராவில் ஒரு பொருளைப் பிடித்தார். நீங்கள் இணையத்தில் பார்த்திருக்கும் அந்த மங்கலான சாம்பல்நிற வீடியோ அதுதான். ஓடுவது ஒரு நிமிடமும் சில விநாடிகளும்.

எது பலம், எது பலவீனம்

உலகம் முழுவதும் அந்த வீடியோவைத்தான் தூக்கிப் பிடிக்கிறது. எனக்கு அது இந்த நிகழ்வின் ஆகப் பலவீனமான துண்டாகத் தெரிகிறது. அண்டர்வுட் அந்தப் பொருளைத் தன் கண்ணால் காணவில்லை. திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அதை அவரே சொல்லியிருக்கிறார். வீடியோவின் கடைசியில் அந்தப் புள்ளி இடப்பக்கமாகச் சட்டென்று பாய்வதைக் காட்டி, பாருங்கள் வேகத்தை என்பார்கள். உன்னிப்பாகப் பார்த்தால், அந்த நேரத்தில் கமராவின் உருப்பெருக்கம் மாறுகிறது, அதன் பிடியும் விட்டுப்போகிறது. கமரா தொடர்வதை நிறுத்தினால், அதுவரை நடுவில் நின்ற பொருள் ஓரத்துக்கு ஓடத்தான் செய்யும். ஃப்ரேவர் கண்டதும் அண்டர்வுட் பிடித்ததும் ஒரே பொருள்தானா என்பதற்கும் அந்த வீடியோவுக்குள் விடை கிடையாது.

60 மைல் கதையும் அப்படித்தான். நேர்கோட்டில் அளந்தால் ஏறக்குறைய யாழ்ப்பாணத்திலிருந்து வவுனியா வரையான தூரம் அது. அதை ஒரு நிமிடத்துக்குள் கடந்தது என்றால் மணிக்கு 3,600 மைலுக்கு மேல் வேகம் வரும். எல்லோரும் இந்தக் கணக்கைத்தான் போடுகிறார்கள். கணக்கு சரி. ஆனால் இங்கே மறைந்தது ஒன்று, அங்கே தெரிந்தது ஒன்று. இரண்டும் ஒன்றுதான் என்பது யாரும் கண்ட காட்சி இல்லை, நாங்கள் இடையில் போட்ட பாலம். அந்தப் பாலத்தை எடுத்துவிட்டால் 3,600 மைலும் சேர்ந்தே போய்விடும்.

சரி, அப்படியென்றால் மிஞ்சுவது என்ன? நான்கு பேரின் கண்கள். என்னைப் பொறுத்தவரை இந்த நிகழ்வின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

கண்ணைப் பற்றி எனக்குப் பெரிய மயக்கம் எதுவும் இல்லை. தைப்பொங்கல் காலத்தில் வாடைக்காற்று நன்றாகப் பிடிக்கும்போது வல்வெட்டித்துறைப் பக்கம் வந்து பாருங்கள். பகலில் விதவிதமான பட்டங்கள் ஏறும். சிலர் மின்விளக்குக் கட்டி இரவிலும் விடுவார்கள். ஒருமுறை பொங்கல் இரவில் எங்கள் மொட்டை மாடியில் நின்றபோது, கனடாவில் இருந்து வந்திருந்த அண்ணாவின் மகன் வானத்தைக் காட்டிக் கேட்டான். “சித்தப்பா, அது ஏன் அசையாமல் நிக்குது?” மூன்று வெளிச்சங்கள், ஒரு முக்கோணமாக. நூலும் தெரியவில்லை, பட்டமும் தெரியவில்லை. பலாலிக்கு வரும் விமானமாக இருக்கும் என்று முதலில் நினைத்தேன், ஆனால் அது நகரவில்லை. எவ்வளவு தூரம் என்று கேட்டிருந்தால் இரண்டு மைல் என்று சத்தியம் பண்ணியிருப்பேன். காற்று எங்கள் பக்கம் திரும்பியபோது பட்டத்தில் கட்டியிருந்த விண் கூவும் சத்தம் கேட்டது. ம்ம்ம்ம் என்று அந்த ஒரே சீரான இரைச்சல். விடியப் பார்த்தால், நூலை மூன்றாம் வீட்டுக் கிணற்றுத் துலாவில் கட்டிவிட்டிருக்கிறார்கள்.

தூரம் தெரியாவிட்டால் பருமனும் தெரியாது, வேகமும் தெரியாது. மூன்றும் ஒரே முடிச்சு. கிட்டே இருக்கும் சின்னப் பொருளும் தூரத்தில் இருக்கும் பெரிய பொருளும் கண்ணுக்கு ஒரே அளவாகத்தான் விழும். இரண்டு கண்களையும் வைத்துத் தூரத்தை உணரும் ஆற்றல் வெறுவானத்தில் அவ்வளவு தூரத்துக்கு எடுபடாது. ஆகவே 40 அடி என்பதை நான் ஒழுங்கையில் கேட்ட ‘நாலு தரம் சுத்தினது’ என்ற கணக்கில்தான் வைக்கிறேன்.

இதைப் பிடித்துக்கொண்டு சிலர், ஃப்ரேவர் கண்டது அவர் நினைத்ததைவிடக் கிட்டே இருந்த ஒரு பலூன் என்கிறார்கள். நீங்கள் வட்டமடிக்கும்போது உங்கள் வட்டத்துக்குள் சும்மா நிற்கும் பொருள், பின்னால் இருக்கும் கடலோடு ஒப்பிட்டால், எதிர்ப்பக்கத்தில் சுற்றுவதுபோலத் தெரியும். ‘என்னைப் போலவே திரும்பியது’ என்ற உணர்வு அதனால் வந்திருக்கலாம் என்பது அவர்கள் வாதம். நல்ல வாதம்தான். ஒற்றை விமானம் என்றால் நான் ஏற்றுக்கொண்டிருப்பேன். இங்கே இரண்டு விமானங்கள். ஃப்ரேவர் இறங்க, டீட்ரிக் பல ஆயிரம் அடி மேலே நின்றார். ஃப்ரேவரை ஏமாற்றிய கோணம் டீட்ரிக்கையும் அதே மாதிரி ஏமாற்றியிருக்க வேண்டும். கடலின் நுரைக்கும் பலூன் விடை சொல்லாது. கீழே நீர்மூழ்கிக் கப்பல் ஏதும் இருந்திருக்கலாம் என்று சொல்பவர்கள் உண்டு. அப்படியென்றால் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் இரண்டு தற்செயல்களைச் சேர்த்துக் கட்ட வேண்டும்.

கணக்கு வேலை செய்த இடம்

ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு வீடியோவை எடுப்போம். 2015 ஜனவரியில், அமெரிக்காவின் மறுகரையில், அத்திலாந்திக் கடலுக்கு மேலே எடுக்கப்பட்டது. ‘கோ ஃபாஸ்ட்’ என்று பெயர். ஒரு சின்ன வெள்ளைப் புள்ளி கடலை ஒட்டினாற்போல அசுர வேகத்தில் பாய்கிறது. அதைக் கமராவில் பிடித்த விமானிகள் உற்சாகத்தில் கத்துவதும் கேட்கும். முதல் தரம் பார்த்தபோது எனக்கும் மயிர் கூச்செறிந்தது.

ஆனால் அந்தத் திரையிலேயே எண்கள் இருக்கின்றன. விமானத்தின் உயரம் 25,000 அடி. கமரா கீழ்நோக்கிப் பார்க்கும் கோணம் 26 பாகை. பொருளுக்கான தூரம் ஏறக்குறைய 4.4 கடல் மைல், அதாவது 26,700 அடி போல. சாதாரணதரப் பரீட்சைக்குப் படித்த சைன் போதும். 26 பாகையின் சைன் 0.44. பெருக்கினால் 11,700 அடி. பொருள் விமானத்துக்கு அவ்வளவு கீழே இருக்கிறது. 25,000இல் இருந்து கழித்தால் ஏறக்குறைய 13,000 அடி. கடலை ஒட்டிப் பறப்பதாக நாங்கள் நினைத்த பொருள் கடலுக்கு 13,000 அடி மேலே!

அப்படியானால் அந்த வேகம்? ஆனையிறவைக் கடக்கும் பஸ்ஸில் யன்னல் பக்கம் இருந்து பார்த்திருப்பீர்கள். நீரேரியின் நடுவில் ஒரு கொக்கு அசையாமல் நிற்கும். தூரத்துக் கரையோடு சேர்த்துப் பார்த்தால், கொக்கு கரையோரமாகப் பின்னால் ஓடுவதுபோல இருக்கும். ஓடுவது பஸ்தான். கோ ஃபாஸ்ட்டிலும் ஓடியது போர்விமானம். நாசா அமைத்த ஆய்வுக்குழு 2023 செப்டம்பரில் இதே கணக்கைப் போட்டு, அந்தப் பொருளின் சராசரி வேகம் மணிக்கு ஏறக்குறைய 40 மைல் என்று காட்டியது. அந்த உயரத்துக் காற்றில் மிதந்துபோகும் எதற்கும் இருக்கக்கூடிய வேகம்.

இந்த விளக்கம் எனக்கு ஏமாற்றம் தரவில்லை. உண்மையில் சந்தோசம்தான். உயரமும் கோணமும் தூரமும் பதிவாகி இருந்ததால், எட்டு வருடங்கள் கழித்து, அங்கே இல்லாத ஒருவர் மேசையில் இருந்து உண்மைக்குக் கிட்டப் போக முடிந்தது. நிமிட்ஸ் நிகழ்வில் அந்த வாய்ப்பு எங்களுக்குக் கிடைக்கவில்லை. அங்கே உலகின் ஆகத் திறமான ரேடார்களில் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அது கண்டதின் பதிவு வெளியே வரவில்லை. கெவின் டே சொல்லும் எண்களுக்கும் அவருடைய நினைவுதான் துணை.

கேலியின் விலை

பதிவு ஏன் தேய்ந்துபோகிறது என்பதற்கு ஃப்ரேவர் சொன்ன ஒரு சின்ன விடயம் போதும். அவர்கள் கப்பலுக்குத் திரும்பிய பிறகு, கப்பல் தொலைக்காட்சியில் வேற்றுக்கிரகவாசிப் படங்களைப் போட்டுப் பகிடி பண்ணினார்களாம். அவ்வளவுதான் விசாரணை. நால்வரையும் அன்றே தனித்தனியாக இருத்தி, ஆளுக்கொரு தாளைக் கொடுத்து, கண்டதை வரையச் சொல்லியிருந்தால் எவ்வளவு பெறுமதியாக இருந்திருக்கும்! 2007இல் அந்த வீடியோ இணையத்தில் கசிந்தபோதும் நம்புவார் இல்லை. 2017 டிசம்பரில் நியூயோர்க் டைம்ஸ் எழுதிய பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. பாதுகாப்புத் திணைக்களம் வீடியோக்களை முறைப்படி வெளியிட்டது 2020 ஏப்ரலில். பதினைந்து வருடங்களுக்கு மேல் நினைவில் கிடந்த சாட்சியம், திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டு ஒன்றோடொன்று உரசி மழுங்கிவிடும். எங்கள் ஒழுங்கைக் கதைகளும் ஒரு கிழமைக்குள் ஒரே கதையாகிவிடும், யார் உரத்துச் சொன்னாரோ அவருடைய கதையாக.

இதில் உயிராபத்தும் இருக்கிறது. 1948 ஜனவரி 7இல் கென்டக்கியில் தோமஸ் மான்டல் என்ற விமானி, வானத்தில் மினுங்கிய ஒரு பொருளைத் துரத்தி மேலே மேலே ஏறினார். ஒட்சிசன் வசதி இல்லாமல் 20,000 அடிக்கு மேல் போனார். மயங்கி, விமானத்தோடு விழுந்து இறந்தார். வயது 25, இரண்டாம் உலகப்போரில் பறந்தவர். அவர் துரத்தியது ‘ஸ்கைஹூக்’ எனப்படும் பிரமாண்டமான ஆய்வு பலூனாக இருக்க வேண்டும் என்பதே பின்னர் பெரும்பாலானோர் வந்த முடிவு. அந்தப் பலூன் திட்டம் அப்போது கடற்படையின் இரகசியம். மான்டலுக்கு அதைப் பற்றித் தெரிந்திருக்க வழியே இல்லை. ஒரு கை வைத்திருந்த இரகசியம் இன்னொரு கையைச் சாகடித்தது என்று நினைக்கும்போது எனக்கு இன்றும் மனம் ஆறுவதில்லை.

ராயன் கிரேவ்ஸ் என்ற விமானி சொல்வதும் இதைத்தான். வேர்ஜீனியா கடற்கரைக்கு அப்பால், 2014 அளவில், அவருடைய அணி விமானங்களின் ரேடார்களைப் புதிதாக்கிய பிறகு விளங்காத பொருட்கள் தினமும்போலத் தெரியத் தொடங்கின. ஒரு நாள் சேர்ந்து பறந்த இரண்டு விமானங்களுக்கு நடுவால், தெளிந்த கோளத்துக்குள் இருண்ட கனசதுரம் போன்ற ஒன்று போனதாம். விமானத்துக்கு 50 அடி தூரத்தில்! அது பலூனோ ட்ரோனோ வேறெதுவோ, மோதியிருந்தால் ஆள் தப்பியிருக்க முடியாது.

புதிய ரேடார் வந்ததும் பொருட்கள் கூடியதைக் கவனியுங்கள். 2023 பெப்ரவரியிலும் இதே நடந்தது. சீன பலூனைச் சுட்டு வீழ்த்தியபின், மெதுவாகப் போகும் சின்னப் பொருட்களையும் காட்டும்படி ரேடார் வடிகட்டிகளைத் தளர்த்தினார்கள். அடுத்த சில நாட்களுக்குள், 10, 11, 12 ஆந் திகதிகளில், அலாஸ்கா, யூக்கோன், ஹியூரோன் ஏரி என்று மூன்று பொருட்களைச் சுட்டார்கள். அவை பெரும்பாலும் தனியார் அல்லது ஆய்வு நிறுவனங்களின் பலூன்களாக இருக்கலாம் என்று பிறகு அமெரிக்க அரசே சொன்னது. அரிதட்டின் கண்ணைப் பெரிதாக்கினால் குறுணியும் சேர்ந்துதான் விழும்.

அரசு எண்களும் இந்தப் பக்கம்தான் சாய்கின்றன. 2021 ஜூன் அறிக்கையில் 144 சம்பவங்கள். அவற்றில் உறுதியாக விளக்கப்பட்டது ஒன்றே ஒன்று, காற்றுப்போன ஒரு பெரிய பலூன். விமானத்தோடு மோதப் பார்த்தவை 11. இப்படிப்பட்ட சம்பவங்களை ஆராயவென்றே பாதுகாப்புத் திணைக்களம் அமைத்த அலுவலகத்தின் 2024 நவம்பர் அறிக்கையில் புதிதாக 757 முறைப்பாடுகள். மேலும் ஆராய வேண்டியவை என்று ஒதுக்கப்பட்டவை 21. மற்றவற்றில் பெருந்தொகைக்குத் தகவல் போதாது என்பதே பதில். பூமிக்கு வெளியே இருந்து வந்தவை என்பதற்கு ஆதாரம் இல்லை என்று அதே அலுவலகம் 2024 மார்ச்சில் தெளிவாகவே எழுதியது.

என் முடிவு

நிமிட்ஸ் நிகழ்வில், சிறகில்லாத வெள்ளைப் பொருள் ஒன்று அங்கே இருந்தது, அது விமானிகள் எதிர்பார்க்காத விதமாக அசைந்தது, நான்கு பேர் அதைக் கண்டார்கள் என்ற மூன்றையும் நான் உண்மையென்று எடுத்துக்கொள்கிறேன். 40 அடி, 60 மைல், மணிக்கு ஆயிரக்கணக்கான மைல் ஆகிய மூன்றையும் பென்சிலால் எழுதி வைக்கிறேன். பலூன் விளக்கத்தைத் தள்ளிவிடவில்லை, ஆனால் டீட்ரிக் மேலே நின்றதற்கு அது இன்னும் பதில் சொல்ல வேண்டும். வழக்கு திறந்தே இருக்கிறது.

2023 ஜூலை 26 அன்று ஃப்ரேவர் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன்னால் சத்தியம் செய்து, ஏறக்குறைய 19 வருடங்களுக்கு முன் கண்டதைத் திரும்பவும் சொன்னார். கடல் அமைதியாக இருந்தது, நுரை இருந்தது, வெள்ளையாக ஒன்று இருந்தது. அதே மேசையில் கிரேவ்ஸும் இருந்தார். பிரின்ஸ்டனின் ரேடார் பதிவு அன்றும் அந்த மேசைக்கு வரவில்லை.